மேல் ச இருக்கும் திசை

ஸ்வீட்லின் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கூத்து நடந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுவிழாவில் நடந்தது யாருக்கும் விளங்காது.

திருநெல்வேலிப் பேட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளி. அதை நடத்துகிறவர் செயலர் அம்பலவாணன். ஆண்டுவிழாவில் பாட்டு அமர்க்களமாக இருக்க வேண்டும் அவருக்கு; ஆனால் அதற்கென்று ஒரு வகுப்பும் ஒரு டீச்சரும் எதற்கு என்பார். சலித்துக்கொண்டேதான் ஸ்வீட்லினை எடுத்தார். அவள் பிறந்து வளர்ந்தது ஓசூரில். கிங்ஸ்டனைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தவள். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே குரலில் கத்தினார்கள். காது வலித்தது. மைதானத்தில் உட்கார வைத்து, போனில் தம்பூராவை ஓட விட்டு, "இதுதான் ச. இப்ப மேல போங்க, பார்ப்போம்" என்றாள் ஸ்வீட்லின்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஒழுங்காக வரிசை கட்டி நடந்து, மைதானத்தின் மறுகோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியடியில் போய் நின்றுகொண்டார்கள்.

"அங்க எதுக்குப் போனீங்க?"

"நீங்கதான டீச்சர் மேல போகச் சொன்னீய?" என்றாள் கோமு. வகுப்பிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். "மேல இங்கனதான இருக்கு?"

அந்த ஊரில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேலத்தெரு என்ன மாடியிலா இருக்கிறது? மேற்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆறே மேற்கு மலையில் பிறந்து கிழக்கே கடலுக்கு இறங்குகிற சீமையில் பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் ஓசூர்க்காரிக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்! வேண்டுமென்றே கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னபோது கிங்ஸ்டனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "அதுக என்ன செய்யும், பாவம்? நானா இருந்தாலும் தொட்டிப் பக்கந்தான் போயிருப்பேன்" என்றான்.

மறுநாள் ஸ்வீட்லின் கோலப்பொடி வாங்கி வந்து மைதானத்தில் குறுக்குக் கோடுகள் போட்டாள். கிழக்கே கேட்டடியில் ச. மேற்கே தொட்டியடியில் மேல் ச. நடுவில் மற்ற சுரங்கள். குரல் ஏறினால் மேற்கே ஒரு கோடு தாண்ட வேண்டும். இறங்கினால் கிழக்கே திரும்பி வர வேண்டும். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற தொனி போய், குரல் ஏறவும் இறங்கவும் கற்றுக்கொண்டது. போகப்போக நடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முகத்தை மேற்கே திருப்பினாலே போதும், குரல் தானாக ஏறியது. அவளே ஒரு பாட்டும் கட்டினாள். 'மலைக்குப் போவோம், மழையைக் கேட்போம்' என்று ஏறி, 'ஆத்தோட இறங்கி வீட்டுக்கு வருவோம்' என்று இறங்குகிற பாட்டு.

பொங்கல் கழிந்ததும் அம்பலவாணன் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், அபாகஸ் மாஸ்டர் ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. பெத்தவங்களும் அதைத்தான் கேக்காங்க. ஆண்டுவிழாவுல பிள்ளைக எப்படிப் பாடுதுன்னு பாப்போம். நல்லா இருந்தாச் சரி. இல்லேன்னா ஜூன்ல இருந்து உங்க பீரியடு அவருக்கு."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்க அவளை விட்டால் நாலு பேர் உண்டு. இந்தப் பிள்ளைகளின் குரல் அவள் உண்டாக்கியது. அதை விட்டுவிட அவளுக்கு மனமே இல்லை.

ஆண்டுவிழா ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். ஏ.சி. மண்டபம், பேருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. வேன் சந்து சந்தாகச் சுற்றி, பின்வாசல் வழியாகத் தரைக்கடியில் புகுந்து நின்றது. அம்பலவாணன் காரும் அதே வழியாகத்தான் வந்தது. அங்கிருந்து படியேறி மேடைக்குப் போனவர்களுக்குத் திக்கு எங்கே தெரியப் போகிறது?

முன்வரிசையில் அம்பலவாணன், பக்கத்தில் சிறப்பு விருந்தினராகக் கல்வி அதிகாரி ஒருவர். தம்பூரா ஒலித்தது. பிள்ளைகள் ச பிடித்தார்கள், சுத்தமாக. பாட்டு ஏற வேண்டிய இடத்தில் ஸ்வீட்லின் கையை உயர்த்தினாள்.

பாட்டு நின்றுவிட்டது.

"டீச்சர், இதுல மேக்கு எங்கன இருக்கு?" என்று கேட்டாள் கோமு. மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

ஸ்வீட்லினுக்குத் தெரியவில்லை. "அங்கன லே" என்றது ஒரு குரல். "போலே, இங்கன" என்றது இன்னொன்று. பாதிப் பிள்ளைகள் இடப்பக்கம் திரும்பினார்கள், பாதிப் பேர் வலப்பக்கம். குரல்களும் ஆளுக்கொரு பக்கம் போயின. மண்டபம் சிரித்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ஸ்வீட்லின்.

அம்பலவாணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். சுருதி போனால்கூட அவர் சும்மா இருந்திருப்பார். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு மேற்கு தெரியவில்லை, அதுவும் ஓர் அதிகாரி முன்னால் என்றால் எப்படித் தாங்குவார்? எழுந்து நின்று மேடையின் பின்திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏலே, மேக்கு அங்கன லே! எல்லாரும் திரும்புங்கலே!"

செயலர் குரல் அல்லவா? அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துப் பாடினார்கள். அடேயப்பா, என்ன பாட்டு அது! மலைக்கு ஏறி, மேல் ச-வில் போய்ப் பிசிறில்லாமல் நின்றது. சிரித்த மண்டபம் கப்சிப். அதிகாரி மட்டும் முதுகுகளையும் ரிப்பன்களையும் பார்த்துவிட்டு, "இது ஏதும் புது முறையா சார்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி போதாதா? விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து பிடித்தார் அம்பலவாணன்.

"மானத்த வாங்கிட்டீங்களே டீச்சர்! வந்த மனுசனுக்கு முதுகக் காட்டிக்கிட்டா பாடுவாங்க?"

"நீங்கதானே சார் திரும்பச் சொன்னீங்க?"

"மேக்கக் காட்டினேன். மேக்கு பின்னால இருந்தா அதுக்கு நான் என்ன செய்ய? ஜூன்ல அபாகஸ்தான். இனி பேச்சுக் கிடையாது."

ஸ்வீட்லின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முன்வாசல் வழியாக வெளியே கூட்டி வந்தாள். அம்பலவாணனும் கூடவே வந்தார். வாசலைத் தாண்டியதும் எல்லோருக்கும் கண் கூசியது. நேர் எதிரே, கடைகளுக்கு மேலே, சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கோமு நின்றுவிட்டாள். சூரியனைப் பார்த்தாள். திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள்.

"சார், மேக்கு இங்கனல்லா இருக்கு! நீங்க கெழக்கயா காட்டினீய?"

மேடையில் பிள்ளைகள் முதலில் பார்த்து நின்ற திக்குதான் மேற்கு. சபையைப் பார்த்தபடியே பாடி முடித்திருக்கலாம்.

அம்பலவாணன் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தார். அதிகாரியின் கார் எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஏட்டி, பேசாம வண்டில ஏறு" என்று, வாசலுக்கு வந்து நின்ற வேனைக் கோமுவுக்குக் காட்டினார்.

பிள்ளைகள் எல்லாம் ஏறிய பிறகு ஸ்வீட்லின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அடுத்த வருசம் முந்தின நாளே வந்து திக்கு பாத்து வச்சிக்கிடணும்."

"அடுத்த வருசமா சார்?"

"பின்னே?" என்றார் அம்பலவாணன். "இந்த விசயம் மட்டும் ஊருக்குள்ள யாருக்கும் தெரியாண்டாம்."

ஸ்வீட்லின் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினாள். உள்ளே பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம், சூரியனைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். அவள் சொல்லாமலே யாரோ ச பிடித்தார்கள்.