ஏழாம் மாசத்துக் காயில்ஓவர்

ஆம்பளைங்க நாலு பேர் கூடி ஒரு ஸ்ப்ரிங்கைப் பத்திப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா? கேக்காம இருக்கிறதே நல்லது. சொந்தக் காரை ரேஸ் ட்ராக்ல ஓட்டுற எங்க ட்ராக் டே குரூப்புல தினமும் இதே கூத்துதான். காலையில ஃபோனை எடுத்தா, ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் ஒண்ணு, அதுக்குக் கீழ "சீப்பா எந்த காயில்ஓவர் நல்லது ப்ரோ?"ன்னு ஒரு கேள்வி, அதுக்குக் கீழ வாழ்க்கையில ஒரு வளைவைக்கூட ஒழுங்கா எடுக்காத இருபது பேரோட பதில்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். காயில்ஓவர்னா ஸ்ப்ரிங்கும் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்து வர்ற செட்டு. கார் எவ்வளவு உயரத்துல நிக்கணும், எவ்வளவு இறுக்கமா இருக்கணும்னு நாமளே திருகி வச்சுக்கலாம். விஷயம் அவ்வளவுதான். இதுக்கு இவனுங்க பண்ற அலட்டல் இருக்கே, அப்பப்பா!

குரூப்புக்கு அட்மின் தனசேகரன். ஆறடிக்கு மேல ஆளு, அதுக்கேத்த தொப்பை, அதுக்கேத்த வாய். "கார் தரையை ஒட்டி நிக்கணும் லா, அப்பதான் கெத்து" - அவரோட மொத்த அறிவும் அந்த ஒரு வரியில அடங்கிடும். அவர்தான் மாஸ் ஆர்டர் போடுவார். எல்லாரும் சேர்ந்து ஒரே செட்டை மொத்தமா வாங்கினா விலை குறையும். விலை குறையுதுன்னா நம்ம ஊர்ல எதுக்கு வேணும்னாலும் வரிசை நிக்கும். சின்ன கார், பெரிய கார், ஒல்லி ஆளு, குண்டு ஆளு, எல்லாருக்கும் ஒரே ஸ்ப்ரிங். செருப்புகூட அப்படி வாங்க மாட்டோம். அந்த செட்டு சிவப்புப் பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு இருக்கும். ஸ்ப்ரிங் கல்லு மாதிரி. அதைப் பிடிச்சு அடக்குற அளவுக்கு அப்சார்பர்ல சத்து கிடையாது. ரோடு கொஞ்சம் மேடு பள்ளமா இருந்தா போதும், சக்கரம் தரையில நிக்காம குதிக்கும். குதிக்கிறதைத்தான் இவனுங்க "ஸ்போர்ட்டி"ங்கிறானுங்க.

என் பேரு உமாமகேஸ்வரி. எங்க வீட்டு ஸ்விஃப்ட் கார் என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடியே என் சம்பளத்துல, என் பேர்ல வாங்கினது. அதை எல்லை தாண்டி செப்பாங்குக்கு ஓட்டிட்டுப் போய், அங்க ரேஸ் ட்ராக்ல ஓட்டறதுக்காகவே வருஷம் முழுக்க ஓவர்டைம் பாக்குற ஆளு நான். குரூப்புல இருக்கிற பாதிப் பேருக்கு என் முகத்தைவிட என் பின்பக்க பம்பர்தான் நல்லாத் தெரியும். என் வீட்டுக்காரன் ஷங்கர் கூட வருவான், வீடியோ எடுப்பான், ட்ராக் ஓரத்து பிட்ல உக்காந்து நாசி லெமாக் சாப்பிடுவான். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஓட்டத் தெரியாதவன் ஓட்டாம இருக்கிறது பெரிய குணம்.

வயித்துல பிள்ளை வந்ததும் ட்ராக் நின்னு போச்சு. நிக்கத்தான் வேணும், நான் என்ன பைத்தியமா? ஆனா மனசு கேக்கல. சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் ஷங்கர் ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து, "உமா, பிள்ளை பிறந்து நீ திரும்ப ஓட்டப் போறப்ப கார் ரெடியா இருக்கணும்ல? நல்ல காயில்ஓவர் ஒண்ணு பாரு. கைக்கு அடக்கமான விலையில. டைம் எடுத்துக்கோ, நீயே சூஸ் பண்ணு"ன்னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்னு நினைச்சேன். நினைச்சேனே!

அப்புறம் என்ன, மூணு மாசம் அதே வேலை. வாந்தி எடுத்துட்டு வந்து ஸ்ப்ரிங் பத்திப் படிப்பேன். ராத்திரி சாப்பாட்டு மேசையில ஷங்கருக்கு விளக்கிச் சொல்வேன். பச்சை செட்டு விலை கம்மி, ஆனா கெட்டுப்போனா தூக்கித்தான் போடணும், பார்ட்ஸ் கிடைக்காது. சிவப்பு, அதான் நம்ம தனசேகரனோட மாஸ் ஆர்டர், அதைப் பத்திப் பேசவே வேணாம். நீலம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனா ஸ்ப்ரிங் மெதுவா இருக்கும், அப்சார்பர் நல்லாப் பிடிக்கும், இங்கயே ஈசூன்ல ஒரு கடையில பிரிச்சு ரிப்பேர் பண்ணித் தர்றாங்க. சின்ன காருக்கு, நாள்பட நாம வச்சுக்கப் போற காருக்கு, நீலம்தான் சரி. ஷங்கர் மீன் முள்ளை எடுத்துக்கிட்டே "ம்ம்", "சரி", "உண்மைதான்"னு தலையாட்டுவான். அவங்கம்மா, என் மாமியார் பாக்கியலட்சுமி, குழம்பை ஊத்திக்கிட்டே "இந்த வீட்ல சோத்துக்கு நடுவுல இரும்புதான் தொட்டுக்கிறாங்க"ன்னு முணுமுணுப்பாங்க. அவங்களை நான் கண்டுக்கவே மாட்டேன். தொலைக்காட்சி நாடகம் தாண்டி அவங்களுக்கு ஒண்ணும் ஏறாதுங்கிறது என் முடிவு.

வளைகாப்புக்கு முந்தின வாரம் ஷங்கர் காரை எடுத்துட்டுப் போனான். "ஒர்க்‌ஷாப்ல விட்டிருக்கேன், சர்ப்ரைஸ்." நான் ஒண்ணும் கேக்கல. நீலம்தான்னு உள்ளுக்குள்ள ஒரே குதூகலம்.

வளைகாப்பு அன்னிக்குக் காலையில பட்டுப்புடவையோட, தலை நிறைய தேக்கா மார்க்கெட் மல்லிப்பூவோட கார்பார்க்குக்கு இறங்கி வந்தேன். என் ஸ்விஃப்ட் நின்னுட்டிருந்துச்சு. நின்னுட்டிருந்துச்சுன்னா சொல்லக்கூடாது. படுத்திருந்துச்சு. டயருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு விரல் போகாது. குனிய முடியாத வயித்தோட குனிஞ்சு பாத்தேன். உள்ள சிவப்பு.

"எப்படி இருக்கு?"ன்னான், பல்லைக் காட்டிக்கிட்டு.

பக்கத்துல மாமியார் நின்னாங்க. அவங்க முன்னாடி நான் அவனை நீங்க வாங்கன்னுதான் பேசுவேன். "நல்லா இருக்குங்க"ன்னேன். நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறக்க வேணாம்னு பாத்தேன். மனசுக்குள்ள, சீ, இவ்வளவுதானா நீ, அந்த தனசேகரன் நாலு வார்த்தை பேசினா விழுந்துடுவியான்னு திட்டித் தீர்த்தேன். கார்பார்க் வாசல்ல வேகத்தடைக்குப் போட்டிருந்த ஹம்ப்புல ஏறி இறங்கினப்ப அடிவயிறு வரைக்கும் தூக்கிப் போட்டுச்சு. பிள்ளை ஒரு உதை விட்டுச்சு. உதைக்கட்டும், நியாயம்தான்.

வளைகாப்பு ஹால் ரேஸ் கோர்ஸ் ரோட்ல. கன்னத்துல சந்தனம் பூசினாங்க, ரெண்டு கையும் நிறைய கண்ணாடி வளையல் அடுக்கினாங்க, அத்தனை பேரும் என் வயித்தைப் பாத்து ஆணா பொண்ணான்னு தீர்ப்பு சொன்னாங்க. தனசேகரனும் வந்திருந்தார். ஆம்பளைங்க பந்தியில உக்காந்து புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறுன்னு ஒண்ணு விடாம வாரிக்கிட்டிருந்தார். என்னைப் பாத்து, "கார் இப்பதான், சிஸ்டர், கார் மாதிரி இருக்கு!"ன்னு கட்டைவிரலைத் தூக்கினார். இலையோட சேத்து அவரையும் மடிச்சுப் போடலாம்னு இருந்துச்சு.

வளைகாப்பு முடிஞ்சா பொண்ணு திரும்பப் புருஷன் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. நேரா அம்மா வீடு. பிள்ளை பிறந்து, தீட்டெல்லாம் கழிஞ்சுதான் திரும்பணும். எங்க அம்மா வீடு செம்பவாங். ஆரத்தி கரைச்சு வைக்கணும்னு அம்மா முன்னாடியே கிளம்பிட்டாங்க. ஷங்கரும் மாமியாரும் என்னைக் கொண்டுபோய் விடறதா ஏற்பாடு.

காருக்குப் பக்கத்துல வந்ததும், "சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன்"ன்னேன். இத்தனை மாசம் இனி எங்க ஓட்டப் போறேன்? எவ்வளவு மோசமா மாட்டியிருக்கான்னு கையால தெரிஞ்சுக்கணும்னு ஒரு வெறி வேற. ஷங்கர் தயங்கினான். மாமியார் பின் சீட்ல ஏறிக்கிட்டு, "அவ மெதுவாத்தான் போவா, குடுடா"ன்னாங்க.

டிரைவர் சீட்ல உக்காந்தேன். கால் பெடலுக்கு எட்டல.

வயித்துக்காக யாரோ தள்ளி வச்சிருக்காங்கன்னு முதல்ல நினைச்சேன். கண்ணாடியைப் பாத்தேன். அது கூரையைப் பாத்துட்டு இருந்துச்சு. ஷங்கர் என்னைவிட ரெண்டு விரக்கடை குள்ளம். அவன் ஓட்டினா எனக்கு சீட்டைப் பின்னாடிதான் தள்ள வேண்டியிருக்கும். காலையில ஷங்கர் ஓட்டிட்டு வந்த பிறகு, உள்ள எனக்கு வளையல் அடுக்கிட்டிருந்த நேரத்துல, இந்த சீட்ல ஒரு ஆறடி ஆளு சாவகாசமா உக்காந்து ஓட்டியிருக்கான்.

"தனசேகரன் எதுக்கு என் காரை ஓட்டினார்?"

"சும்மா, செட்டிங் பாக்க..."

"ஷங்கர்."

அவன் சீட் பெல்ட்டைப் போட்டான், கழட்டினான். அப்புறம் மெல்ல வந்துச்சு. தனசேகரன்தான் காரை வாங்கறார். வாங்கறவர் அவருக்குப் பிடிச்சதை அவர் செலவுலயே மாட்டிக்கிட்டார். அதுக்குப் பதிலா எங்க வீட்டுக்குப் பெரிய வண்டி ஒண்ணு, ஏழு பேர் உக்கார்றது, புக் பண்ணியாச்சு. நான் செம்பவாங்ல இருக்கிற மாசங்கள்ல சத்தமில்லாம எல்லாம் முடிஞ்சிடும். கார் என் பேர்ல இருக்கிறதால நான் ஃபோன்ல ஒரே ஒரு தடவை ஓகே குடுத்தா போதும். அதைப் பிள்ளை பிறந்த சந்தோஷத்துல கேட்டுக்கலாம்னு பாத்தானாம்.

"பிள்ளை வந்த பிறகு ட்ராக் எல்லாம் எங்க போகப் போறே, உமா? யோசிச்சுப் பாரு. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"அப்ப எதுக்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீங்க?"

"நீ டல்லா இருந்தே. டாக்டர் வேற மனசு சந்தோஷமா இருக்கணும்னாங்க. ஒரு பொழுதுபோக்கா இருக்கட்டுமேன்னு..."

அழுக்குத் தண்ணியை மூஞ்சியில ஊத்தின மாதிரி இருந்துச்சு. மூணு மாசம்! சின்னப் பிள்ளை அழாம இருக்க கையில சாவிக்கொத்தைக் குடுப்பாங்களே, அதைக் குடுத்திருக்கான் எனக்கு. தனசேகரன் மடையன், ஒத்துக்கறேன். ஆனா அந்த மடையன்கூட தனக்கு என்ன வேணும்னு வெளிப்படையாச் சொன்னான். இவன் மீன் முள்ளை எடுத்துக்கிட்டே தலையாட்டினான்.

"நான் பேசினதை நீ கேட்டியா?"ன்னேன். மாமியார் முன்னாடி நீன்னு சொல்லிட்டேன். சொன்னதுல ஒரு வருத்தமும் இல்ல.

"கேட்டேன் லா, தினமும் கேட்டேன்ல."

"நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? சொல்லு, பாப்போம்."

அவன் வெளிய பாத்தான். டேஷ்போர்டைப் பாத்தான். "அது... பச்சைதானே? சீப்பா இருந்துச்சே?"

ஹால்லயிருந்து நாதஸ்வரப் பாட்டு ஸ்பீக்கர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. காரை விக்கப் பாத்ததைவிட, நான் சொன்னது ஒண்ணுகூட அவன் காதுல ஏறலங்கிறதுதான் வலிச்சுது.

பின் சீட்லயிருந்து மாமியார் குரல் வந்துச்சு. "நீலம்டா."

திரும்பிப் பாத்தேன்.

"பச்சை கெட்டுப்போனா தூக்கித்தான் போடணும்னு அவ முதல் வாரமே சொல்லிட்டா. நீலம்தான் ஸ்ப்ரிங் மெதுவா இருக்கும். ஈசூன்ல பிரிச்சு ரிப்பேர் பண்ணலாம். நாள்பட வச்சுக்கப் போற காருன்னு சொன்னா." முந்தானையால கழுத்தைத் துடைச்சாங்க. "எனக்கு முட்டி வலி, பெரிய வண்டி வாங்குடான்னு நான்தான் சொன்னேன். இல்லேங்கல. அவகிட்ட கேட்டுட்டேன்னு சொன்னியேடா என்கிட்ட?"

"இறங்கு"ன்னேன்.

"உமா, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். உள்ள போ, தனசேகரன்கிட்ட கார் விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லு. அவரோட சிவப்பைக் கழட்டி அவர்கிட்டயே குடு. எல்லாம் முடிச்சுட்டு செம்பவாங் வா."

"எப்படி வர்றது?"

"எம்.ஆர்.டி. ரயில் இருக்கு."

இறங்கினான். கதவைச் சாத்தக்கூட அவனுக்குத் தைரியம் வரல, நான்தான் எட்டிச் சாத்தினேன். சீட்டை முன்னாடி இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன். பின் கதவு திறந்துச்சு. அத்தையும் அவன்கூடப் போறாங்கன்னு நினைச்சேன். போகட்டும், பெத்தவங்க போகத்தானே செய்வாங்கன்னு இன்ஜினைப் போட்டேன்.

முன் கதவு திறந்துச்சு. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "யம்மா, பள்ளத்துல இறங்குற மாதிரி இருக்கே"ன்னு புலம்பிக்கிட்டே அத்தை என் பக்கத்துல உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டாங்க.

"மெதுவாப் போ, உமா"ன்னாங்க. "முன்னாடி ஹம்ப் இருக்கு."