மூக்கில்லாத பறவை

காந்திமதி அக்காவுடன் நான் சித்திரையில் பேச்சை நிறுத்தினேன். கார்த்திகை வந்தும் ஒரு வார்த்தை இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். நேருக்கு நேர் பேசுவதைத்தான் நிறுத்தியிருந்தோம். ஜாடைப் பேச்சு தினமும் நடந்தது. அவள் தெருநாயைத் திட்டுவாள், அது எனக்கு. நான் ஃபோனில் என் அம்மாவிடம், "சில ஜென்மங்களைத் திருத்தவே முடியாதும்மா" என்பேன், அது அவளுக்கு. இருவருக்கும் காது கூர்மை. எதுவும் வீணாகப் போனதில்லை.

அவள் என் கணவர் கதிரேசனுடைய அண்ணன் மாரியின் மனைவி, எனக்கு ஓரகத்தி. பொழிச்சலூரில் மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டு இருக்கிறோம். பின்பக்கம் மட்டும் பொது. அங்கே துவைக்கிற கல், போர் மோட்டார், குறுக்கே ஒரு துணிக்கொடி. கொடிக்கு அந்தப் பக்கம் அவளுடையது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். சண்டை வந்தது மோட்டாரால். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள். உறவுக்காரர்கள் கூடிப் பேசி, பூட்டை அவள் கையாலேயே எடுக்க வைத்தார்கள். நாலு பேர் முன்னால் நன்றாக மூக்கறுபட்டாள். மறுநாள் நான் பாயசம் வைத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன், அவள் வீட்டைத் தவிர. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

2008ஆம் வருஷம், நிஷா புயல் வந்த வாரம். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் அறிவியல் டீச்சர். கம்பெனிகளுக்கு ஏது மழை விடுமுறை? கதிரேசன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். மாரி மாமா ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் பகுதிக்குப் போய்விட்டார். காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம், பின்பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். தேங்காய் விழுந்த சத்தம் போல இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் தென்னை இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. வாத்தைவிடப் பெரியது. தலையும் முதுகும் பழுப்பு, வயிறு வெள்ளை, பின்கழுத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. அலகு நீளமாக, கூராக இருந்தது. ஒரு இறக்கையை மடக்க முடியாமல் தரையில் பரப்பி வைத்திருந்தது. நான் கிட்டே போனேன். அது நகரவில்லை, பயப்படவும் இல்லை, வாடகை கேட்க வந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

குனிந்து காலைப் பார்த்தேன். வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கு நடுவில்தான் சவ்வு இருக்கும். இதற்குப் பின்விரலையும் சேர்த்து நான்கும் ஒரே சவ்வில் இருந்தன. அப்புறம் அலகின் மேற்பக்கத்தைப் பார்த்தேன். மூக்குத் துவாரம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பூபி. நடுக்கடல் பறவை. தாம்பரத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது படத்தில் பார்த்தது. நல்ல உயரத்திலிருந்து கடலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து மீன் பிடிக்கும். பாயும் வேகத்தில் தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்க மூக்கு அடைபட்டே இருக்கும், மூச்சு விடுவது வாயோரத்தால். முட்டையை வயிற்றால் அடைகாக்காது, கால் சவ்வால் மூடிச் சூடேற்றும். இந்த நான்கு விரல் சவ்வை வைத்துத்தான் கூழைக்கடா, நீர்க்காகம், பூபி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சேர்த்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது மரபணு பார்க்கிறவர்கள் வந்து, கூழைக்கடா இந்தக் குடும்பமே இல்லை, அதைத் தனியே பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பறவைகளுக்குள்ளும் பாகப்பிரிவினை வந்துவிட்டது.

இத்தனை வருஷம் கரும்பலகையில் அலகும் காலும் வரைந்து காட்டிய எனக்கு, கடலே ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுக்குள் போட்டிருக்கிறது. அது செத்துவிடக் கூடாது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கிண்டி வனத்துறை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். ஏசுதாசன் என்ற வனக்காவலர் பேசினார். பல்லாவரத்தில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிக்கொண்டு வர மதியம் ஆகிவிடும், அதுவரை நனையாமல் ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருங்கள் என்றார்.

அட்டைப்பெட்டி தேட உள்ளே போய் வருவதற்குள் காந்திமதி அக்கா வெளியே வந்துவிட்டாள். பறவை எப்படியோ தத்தித் தத்திக் கொடிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"இன்னாடா இது, கழுகு மாதிரி கீது?" என்று வானத்தைக் கேட்டாள். "வூட்டாண்ட கழுகு எறங்குனா குடும்பத்துக்கு ஆவாதே!"

பக்கத்து வீட்டு நஃபீசா அக்கா காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டியிருந்தாள். ஜாடைப் பேச்சுக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் இருவருக்கும் அவள்தான் அந்த ஆள்.

"நஃபீசா அக்கா, இது கழுகு இல்லை" என்றேன் உரக்க. "பூபின்னு ஒரு கடல் பறவை. ஸ்பெயின்காரங்க வைச்ச பேரு. அவங்க பாஷையில மடையன்னு அர்த்தம். ஒண்ணும் தெரியாது, ஆனா எல்லா எடத்துலயும் வந்து உக்காந்துக்கும்."

கப்பலில் பயமில்லாமல் வந்து உட்கார்ந்து மாலுமிகளிடம் மாட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். 'ஒண்ணும் தெரியாது' என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது எனக்கே தெரியும்.

அக்கா துவைக்கிற கல்லிடம் பதில் சொன்னாள். "இது மடையனாம்! எங்கிருந்தோ வந்து அடுத்தவங்க வூட்டுல ஒட்டிகினு, பாதி எடத்தையும் வளைச்சிப் போட்டுகினு குந்திகினு கீது. இதுவா மடையன்? சரியான கைகாரி."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்தவள் நான் மட்டுமா? அவள் என்ன இந்த வீட்டிலேயே பிறந்தவளா?

"இன்னொண்ணு கேளுங்க நஃபீசா அக்கா" என்றேன். "இது ரெண்டு முட்டை போடும். மூத்த குஞ்சு கொஞ்சம் பெரிசானதும் எளையதைக் கொத்திக் கொத்திக் கூட்டை விட்டே தள்ளிடும். எளையது வெயில்ல காஞ்சு சாகும். மூத்தது கூச்சமே இல்லாம முழுக் கூட்டையும் எடுத்துக்கும்."

"யா அல்லா, பறவைக்குள்ளயுமா?" என்று நஃபீசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் காந்திமதி அக்காவின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்ததும், பரீட்சையில் முழு மார்க் வாங்கியது போல எனக்கு மனம் நிறைந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுபடி தூறல் விழத் தொடங்கியது. நான் பெட்டியோடு ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அவள் குனிந்து பறவையை இரண்டு கையாலும் அள்ளிவிட்டாள்.

"கொடிக்கு இந்தாண்ட கீது. எங்க எடத்துல வந்து வியுந்த சீவனை நாங்க பாத்துக்குவோம். எவளும் வரத் தேவையில்ல" என்று கொடியில் தொங்கிய ஈரத் துணியிடம் சொன்னாள்.

பறவை திரும்பி அவள் புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்தது. பூபியின் அலகு ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். ரத்தம் வழிந்தது. "அடப் பேமானி!" என்று கத்தினாளே தவிர கீழே போடவில்லை. அவள் மணிக்கட்டில் எப்போதும் ரப்பர் பேண்டுகள் கிடக்கும். ஓட்டலில் வரும் சாம்பார் பொட்டலத்தில் இருப்பதைக் கூடத் தூக்கிப் போடாமல் கையில் மாட்டிக்கொள்வாள். அதில் ஒன்றைக் கழற்றி, பறவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அலகை இரண்டு மூன்று சுற்றாக இறுக்கிக் கட்டினாள்.

கோழிக்குக் கட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது, அலகில் இருக்கும் துவாரத்தால் மூச்சு விட்டுக்கொள்ளும். இதற்கு வாயை அடைத்தால் மூச்சே போய்விடும்.

'அக்கா, அவிழ்த்துவிடுங்க' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'அக்கா' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. சித்திரையிலிருந்து சொல்லாத சொல். நாலு பேர் முன்னால் தோற்றவளிடம் நான் போய் முதலில் வாயைத் திறப்பதா? பழகிய கழுத்து பழகிய பக்கமே திரும்பியது.

"நஃபீசா அக்கா!" என்று கத்தினேன். "அதுக்கு மூக்கு கெடையாது! வாயாலதான் உயிர் வாழுது! வாயைக் கட்டினா செத்துப் போயிடும்!"

நஃபீசா ஒரு நொடி என்னைப் பார்த்தாள், காந்திமதி அக்காவைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "யம்மா தீபா, உன் வாய்க்கு சர்க்கரைதான் போடணும்!"

காந்திமதி அக்கா சிரிக்கவில்லை. இதுவரை பட்டதற்கெல்லாம் சேர்த்து அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து இன்னொரு ரப்பர் பேண்டைக் கழற்றி முதல் கட்டின் மேலேயே போட்டாள். பறவையோடு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"சிரிக்காதீங்க! நான் நெசமாவே சொல்றேன்!" என்று நஃபீசாவிடம் கத்திவிட்டு, கொடியைத் தாண்டி ஓடினேன். கதவைத் தட்டினேன். "அக்கா! கதவைத் திறங்க அக்கா!" இப்போது வந்தது அந்தச் சொல், தடையே இல்லாமல். உள்ளே டிவி சத்தம் ஏறியது. சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்த உயர்த்த அவளும் டிவியை உயர்த்தினாள். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாள், வேறென்ன நினைப்பாள்? நஃபீசா விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்து முன்பக்கமாக ஓடிப் போய்த் தட்டினாள். சிரித்தவளுக்கும் கதவு திறக்கவில்லை. மாரி மாமாவுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. மழை வலுத்தது. நான் அந்தக் கதவை உதைத்தேன், திட்டினேன், கெஞ்சினேன், மறுபடி திட்டினேன். திட்டியது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கும்.

ஏசுதாசன் வந்தபோது நான் முழுக்க நனைந்து வாசலில் நின்றிருந்தேன். காக்கிச் சட்டையைச் சன்னல் வழியாகப் பார்த்ததும் அவள் உடனே திறந்தாள்.

"வா சார். நான்தான் புட்ச்சி பத்ரமா வச்சினு கீறேன்" என்றாள். என்னைத் தாண்டி அவரை உள்ளே கூப்பிட்டாள்.

சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், அகலமான ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் புது டர்க்கி டவல். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்பாளே, அது. பறவையை அதில் சுற்றிக் கதகதப்பாக வைத்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் நெத்திலியைக் கழுவி, தலை கிள்ளி, தயாராக வைத்திருந்தாள், அதன் கோபம் தணிந்ததும் கட்டை அவிழ்த்து ஊட்டலாம் என்று. பறவையின் கழுத்து கூடை விளிம்பில் மடிந்து கிடந்தது.

ஏசுதாசன் உட்கார்ந்து ரப்பர் பேண்டுகளை அறுத்தார். அலகு லேசாகத் திறந்தது. அவ்வளவுதான். மார்பில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

"தூங்குது சார்" என்றாள் காந்திமதி அக்கா. "கொஞ்சம் முந்தி கூட ஆடிச்சி. நல்லாத்தான் ஆடிச்சி."

"அது மூச்சுக்கு அடிச்சுக்கிட்டது!" என்று நான் வெடித்தேன். இவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. மூக்கு அடைபட்டது, வாயோரத்தில் மூச்சு, கட்டினால் சாவு என்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்தது, அடக்கவில்லை.

அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சி வச்சிருக்கீங்க. ஒரே வீட்டுலதான இருக்கீங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் பேசினாள். ரத்தம் காய்ந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, பறவையைப் பார்த்தபடி.

"சொன்னா சார். என் காதுலயும் வியுந்துச்சி" என்றாள். "என்னிய சொல்றான்னு நெனச்சிகினேன்."

அப்போதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. அதை அவரிடம்தான் சொன்னாள்.