பிரேக்கில் காற்று

மூன்றாவது முறையும் ஒரு குமிழி வந்தது.

சைக்கிளின் முன்சக்கரத் தட்டைக் கவ்வும் காலிப்பரின் முனையில் மாட்டியிருந்த ஊசிக்குழலை நான் மெல்ல அழுத்த, எண்ணெய் மெல்லிய குழாய் வழியே மேலேறி, பிரேக் லிவரின் தலையில் திருகியிருந்த சிறு கிண்ணத்துக்குள் அதை உமிழ்ந்தது. கடுகளவுதான் இருக்கும். ஆனால் அந்தக் கடுகளவு காற்று உள்ளே தங்கும்வரை லிவர் பஞ்சுபோல் அமுங்கிக்கொண்டே இருக்கும். காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பள்ளி ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடுவை கழுவுகிறவன் நான். ஆசிரியர்கள் மாறி மாறிச் சொன்ன இந்த ஒரு வரி எனக்குத் தூக்கத்திலும் வரும்.

“எனக்குத்தான் ரெண்டு மாசமா ஊசின்னு பாத்தா, இப்ப வண்டிக்குமா?” என்றான் மச்சான், என் மனைவியின் தம்பி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப் பிரித்த வலது கை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருளைப்போல அவன் மடியில் கிடந்தது.

“பேசாம கிண்ணத்தப் பாரு. எண்ணெய் குறைஞ்சா சொல்லு. விட்டா திரும்பவும் காத்த இழுத்துக்கும்.”

“அது குறையல மாமா. நீங்கதான் குறைஞ்சுக்கிட்டே போறீங்க. காலையில சாப்பிட்டதோட சரி.”

ஞாயிற்றுக்கிழமை மதியம். பின் பிரேக்கைக் காலையிலேயே முடித்திருந்தேன். முன் பிரேக் என் முழங்காலையும் பொறுமையையும் தின்றுகொண்டிருந்தது. அறையின் மறுபாதியில் என் மனைவியின் தையல் எந்திரம் ஓடியது. யாருக்கோ கொடுக்கவேண்டிய திரைச்சீலைகள் அவள் மடியிலிருந்து தரைவரை வழிந்திருந்தன. எந்திரத்தை நிறுத்தாமலே பேசுவது அவள் வழக்கம். தையல் நீண்டால் வாக்கியமும் நீளும். இன்று அவள் வாய் திறக்கவில்லை. சைக்கிள் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

மலையின் மேலிருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு இறங்கும் குழாயைப் பார்வையிடுவது மச்சானின் வேலை. எங்கே கசிகிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கவேண்டும். ஜீப் நுழையாத ஒற்றையடிப் பாதை என்பதால் மலைப்பாதைகளுக்கான தடித்த டயர் சைக்கிளை அவனே வாங்கி, தன் உடம்பின் ஓர் உறுப்பைப்போல வைத்திருந்தான். இரண்டு மாதங்களுக்கு முன் மூன்றாவது வளைவில் சைக்கிள் நிற்கவில்லை. மணிக்கட்டும் தோள் எலும்பும் முறிந்தன. வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். நாளை காலை ஒன்பது மணிக்குப் பொறியாளரிடம் அவன் ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும்: மலையா, புகார்ப் பிரிவின் நாற்காலியா? நாற்காலி என்றால் மலை வேறொருவருக்குப் போய்விடும். பிறகு திரும்பி வராது.

“அன்னிக்கு லிவர் எப்படி இருந்துச்சு? உள்ள அமுங்குச்சா?”

“எத்தன தடவதான் கேப்பீங்க மாமா? அமுங்கல. கல்லு மாதிரி நின்னுச்சு. ரெண்டையும் பிடிச்சேன். வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு.” பிறகு, தன் கையைப் பார்த்தபடி, “பிடிச்சேன்னுதான் நினைக்கிறேன்” என்றான்.

இந்த ‘நினைக்கிறேன்’ முதல் வாரத்தில் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவன் ‘பிடிச்சேன்’ என்று மட்டுமே சொன்னான். பார்க்க வந்த பொறியாளர், “பயத்துல கை விட்டுப்போயிருக்கும் தம்பி, யாருக்கும் நடக்கறதுதான்” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்காள் தன் பங்குக்கு, “தலை தெறிக்க வந்திருப்ப” என்றாள். ஒவ்வொருவர் வந்துபோன பிறகும் அந்தச் சொல் கொஞ்சம் வளர்ந்தது. இப்போது வாக்கியத்தின் பாதியை அது அடைத்துக்கொண்டது.

காற்றுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று நான் உள்ளூர விரும்பினேன். காற்று யாருடைய குற்றமும் அல்ல. நேற்று லிவரை அழுத்தியதும் அது கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொண்டபோது எனக்கு ஏறக்குறைய மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஆனால் கிண்ணத்தில் குமிழிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறொன்று உறைத்தது. திரைச்சீலைகளுக்கு இடம் வேண்டும் என்று இந்தச் சைக்கிளை இரண்டு மாதமாக மூலையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தவன் நான்தான். லிவரின் தலையில் மிதந்துகொண்டிருக்கவேண்டிய காற்று, கவிழ்த்ததும் குழாய்க்குள் ஏறிவிட்டிருக்கிறது. அப்படியானால் இந்தக் காற்று விழுந்த நாளுக்குப் பிறகு வந்தது. அன்றைக்கு லிவர் அவன் சொன்னபடியே கல்லாகத்தான் இருந்திருக்கும்.

திருப்புளியின் பிடியால் குழாயைத் தட்டினேன். லிவரைச் சுண்டிச் சுண்டி விட்டேன். நாலைந்து துளிக் குமிழிகள் வந்தபின் எண்ணெய் தெளிந்தது. காலிப்பரின் திருகை முடுக்கி, ஊசிக்குழலைக் கழற்றி, கிண்ணம் இருந்த இடத்தை மூடினேன். தட்டை உரசி நிறுத்தும் பேடுகளுக்குப் பதிலாகச் செருகியிருந்த கட்டையை எடுத்து, ஓரமாக வைத்திருந்த பழைய பேடுகளையே மாட்டி, சக்கரத்தைப் பூட்டினேன். லிவரைப் பிடித்தேன். கல்.

“முடிஞ்சுதா?” என்று எழுந்தான் மச்சான். “அப்போ ஒரு டீயாவது போடறேன். இடது கையால போட்ட டீ, குத்தம் சொல்லக்கூடாது.”

அவன் சமையலறைக்குப் போனதும், லிவரை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினேன். நகர்ந்தது. நகரவே கூடாது. இன்னும் இறுக்கினேன். தரையில் சோப்புப்போட்டதைப்போல டிஸ்க் தட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று.

பேடுகளை மறுபடி வெளியே எடுத்தேன். காலையில் கவனிக்காமல் போனேன். இப்போது சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். சொரசொரப்பாக இருக்கவேண்டிய முகம் கண்ணாடிபோல் மின்னியது. வெள்ளைத் துணியால் அழுத்தியதும் மஞ்சளாய் ஒரு வட்டம் படிந்தது. முகர்ந்தேன். நான் ஊற்றிய பிரேக் எண்ணெயின் வாசனை அல்ல. பதினாறு ஆண்டுகளாக இந்த வீட்டின் தலையணை உறைவரை பரவியிருக்கும் வாசனை.

“புதுசு மாட்டப்போறீங்களா?” எந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அவள் கேட்டாள். “மாட்டுங்க. ஆனா கத்தாம பாத்துக்கோங்க. முன்ன இது தெருமுனையில திரும்பும்போதே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும், துரை வேலையிலேர்ந்து வந்துட்டாருன்னு. நான் எண்ணெய் விட்டப்புறம்தான் அடங்குச்சு.”

“எதுக்கு விட்ட?”

“அந்தத் தட்டுக்குத்தான். ரெண்டு சக்கரத்துக்கும், பாரபட்சமில்லாம. கத்துனா எண்ணெய் விடணும், அவ்வளவுதானே. என் மிஷின் இப்படிக் கத்துனா நான் சும்மா விடுவேனா?”

“எப்போ?”

“அவன் விழுந்தானே, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்.” துணியின் மூலையைத் திருப்பினாள். “பாவம், ஒரு நாள்தான் சத்தமில்லாம ஓட்டுனான்.”

தையல் நேராக ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை அந்த நேர்கோட்டைப் பார்த்தே அறிந்துகொண்டேன்.

நான்கு பழைய பேடுகளையும் காகிதத்தில் பொதிந்து குப்பைக்கூடையில் போட்டேன். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டால் இரண்டு டிஸ்க்குகளையும் துடைத்தேன். துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தேன். பிரேக் எண்ணெய் விற்ற கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கையில் திணித்த புதிய பேடுகளை மாட்டினேன். செய்த அத்தனையும் சரி. சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

டீயைக் குடித்துவிட்டு இருவரும் சைக்கிளை வாசலுக்கு இறக்கினோம். எங்கள் தெரு சரிவானது. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. மச்சான் ஏறி உட்கார்ந்தான். ஒரு கால் தரையில். லிவர்மேல் விரல்களை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

“போய்ப் பாரு. நல்லாப் பிடிக்குது.”

“வண்டி பிடிக்கும் மாமா. நீங்க செஞ்சா பிடிக்கும்.” இறங்கிவிட்டான். “இந்தக் கை பிடிக்குமான்னுதான் தெரியல. பிடிச்சேன்னு அது சொல்லுது, வண்டி நிக்கல. அப்போ அது பொய்தானே சொல்லுது? பொய் சொல்ற கையோட அந்த மூணாவது வளைவுக்கு எப்படிப் போறது?” கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தான். “நாற்காலின்னே சொல்லிடறேன். ஃபேனுக்குக் கீழ உக்காந்து, ‘உங்க வீட்டுல தண்ணி வரலையா, பாக்கறேன்’னு சொல்லிக்கிட்டு இருப்பேன். அதுக்கும் ஆள் வேணும்ல?”

ஒரே வாக்கியம் என் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் இவனுக்குக் கை திரும்பக் கிடைக்கும். உள்ளே இருப்பவளுக்குத் தூக்கம் போகும். இரண்டு மாதமாக அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள். நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குத் தேடினேன். நாளை காலை ஒன்பது மணி எதற்காகவும் காத்திருக்கப்போவதில்லை என்பது தெரிந்தும் தேடினேன். மிகவும் களைத்திருந்தேன்.

தையல் எந்திரம் நின்றது.

அவள் வாசலுக்கு வந்தபோது, கையில் நான் வீசிய காகிதப் பொதி பிரிந்திருந்தது. “வெட்டுத்துணி போடலாம்னு கூடையத் திறந்தேன். இதுல ஏன் என் மிஷின் எண்ணெய் வாசனை அடிக்குது?”

“பழைய சாமான், எல்லா வாசனையும்தான் அடிக்கும்.”

“என்கிட்ட சொல்லாதீங்க. முப்பது கெஜத் துணியில ஒரு சொட்டு பட்டிருந்தா மூக்காலயே கண்டுபிடிக்கிறவ நான்.” பேடின் மின்னும் முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். விரல் வழுக்கியது. இன்னொரு முறை தடவினாள். பிறகு, எந்திர ஓட்டம் இல்லாததாலோ என்னவோ, மிகச் சின்ன வாக்கியமாகக் கேட்டாள்: “இது எண்ணெய் படக்கூடாத எடமா?”

நான் அவளைப் பார்க்காமல் தலையசைத்தேன்.

படியில் உட்கார்ந்தாள். “டேய்” என்றாள்.

“என்னக்கா?”

“நீ பிடிச்சிருக்கடா. அன்னிக்கு நீ சரியாத்தான் பிடிச்சிருக்க. நான்தான் முந்தின நாள் இதுக்கு எண்ணெய் விட்டுட்டேன். கத்துதேன்னு.”

மச்சான் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். “அப்போ கல்லு மாதிரிதான் நின்னுச்சு?”

“கல்லேதான்.”

வலது கையை விரித்தான், மூடினான். முழுதாக மூடவில்லை, இன்னும் வீக்கம் இருந்தது.

“ஏதாவது திட்டுடா” என்றாள் அவள்.

“திட்ட வரலக்கா. ரெண்டு மாசமா என்னையே திட்டித் திட்டிக் கையிருப்பு காலி.” அவளருகே படியில் உட்கார்ந்தான். “நீங்களுமா மாமா? தெரிஞ்சுக்கிட்டே, ‘போய்ப் பாரு, நல்லாப் பிடிக்குது’ன்னு?”

நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் குடையை உதறிவிட்டு எங்களை ஒரு முறை பார்த்து உள்ளே போனார்.

“புது பேடு டிஸ்க்கோட பழகணும்” என்றேன் கடைசியில். “கொஞ்சம் வேகமா வந்து மெதுவாப் பிடிக்கணும். முழுசா நிறுத்தக்கூடாது. இருபது தடவையாவது.”

“கை வலிக்கும்.”

“வலிக்கும்.”

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவின் மேல்முனைக்கு நடந்தே போனான். ஏறி உட்கார்ந்தவன் நெடுநேரம் நகரவில்லை. பிறகு இறங்கினான். எங்கள் வாசலுக்கு நேரே பிடித்தான். சைக்கிள் குறுகி, அடங்கி, நடைவேகத்துக்கு வந்தது. மறுபடி மேலே உருட்டினான். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தபோது, நனைந்த டிஸ்க் தெரு முழுவதும் கேட்கும்படி கிறீச்சிட்டது. என் மனைவியின் தோள்கள் ஒருமுறை தூக்கிப்போட்டன.

“ஈரம்தான். காஞ்சா அடங்கிடும்” என்றேன்.

“அடங்கணும்னு இல்ல. கத்தட்டும்.”

மச்சான் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றான். முகமெல்லாம் வியர்வை. மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தான். “புகார்ப் பிரிவுல கேன்டீன் இருக்குக்கா” என்றான். “மலைமேல இல்ல. நாளைக்கு எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்துடு.”

அவள் மடியில் இருந்த காகிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“ஒன்பது மணிக்குத்தானே அவரைப் பாக்கணும்?”

“பாத்துட்டு நேரா மேல போயிடுவேன்.”

“சரி” என்றாள். “இன்னும் பதினொண்ணு பாக்கி. போ.”