மரத்துக்கு ஜாமீன்

என் உள்ளங்கால் செத்துப்போனது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், மதியத் தொழுகைக்குக் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. குனிந்து பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு இரும்பு ஆணி குத்தி நின்றது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறேன், அதோடுதான் நாலு மரம் ஏறி இறங்கியிருக்கிறேன். டாக்டர் பாதத்தில் பஞ்சை வைத்துத் தேய்த்து, "தெரியுதா?" என்று கேட்டான். "என்ன தெரியணும்?" என்றேன். சர்க்கரை என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

பஸ்ராவுக்குத் தெற்கே அபுல் கஸீபில் பேரீச்சை ஏறுவது என் தொழில். முதுகுக்குப் பின்னால் ஒரு அகலப் பட்டை, அதிலிருந்து மரத்தைச் சுற்றிப் போகும் வடக்கயிறு, இடுப்பில் அரிவாள். மிச்சமெல்லாம் கால்தான். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் படிபோல மரத்தில் நிற்கும். எது உறுதி, எது உள்ளே மக்கியது என்று வெறுங்கால்தான் சொல்லும். சொல்லாத காலோடு ஏறினால் என்ன ஆகும் என்று அந்த மாதமே பார்த்துவிட்டேன். மக்கிய கட்டையை மிதித்து, மார்பெல்லாம் சிராய்த்துக்கொண்டு சறுக்கி, கயிற்றில் தொங்கினேன்.

கீழே நின்ற எங்கள் தெரு ஹாஜி ஜாஸிப், "என்ன மிஸ்பான், ஊஞ்சலாடுற வயசா உனக்கு?" என்று சிரித்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளுங்க ஹாஜி, இன்னும் ஒசரம் போறேன்" என்று நானும் சிரித்துவைத்தேன்.

அன்றே ஏறுவதை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இந்தத் தெருவில் என்னை மதிப்பது மரத்தின் மேல் இருக்கும்போது மட்டும்தான். தரையில் நான் வாய்த்துடுக்கு பிடித்த, ஐம்பத்தி மூன்று வயது நோயாளி. அதனால் கொல்லனிடம் போனேன். மின்கம்பம் ஏறுகிறவர்கள் காலில் கட்டுவார்களே, முள் வைத்த இரும்பு, அதே மாதிரி ஒரு ஜோடி அடித்து வாங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் முள் இரண்டு விரல் ஆழம் தண்டில் இறங்கும். கால் நழுவவே நழுவாது.

மாதுளையைக் கீறினால் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். பேரீச்சைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. குத்திய துளை கடைசிவரை துளையாகவே நிற்கும், அதன் வாசனைக்குச் சிவப்பு வண்டு வரும், முட்டை வைக்கும். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

உம்மு ரிஸானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றில் உப்பு ஏறிய வருஷம் அவளுடைய வாப்பாவின் தோப்பு முழுக்கக் கருகிப் போனது. முந்நூறு மரம். அதில் பிழைத்திருந்த ஒரே மரமான பர்ஹி ரகப் பேரீச்சையின் பக்கக்கன்றைச் சாக்கில் சுற்றி, டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு வந்து தன் முற்றத்தில் நட்டாள். கணவர் இறந்துவிட்டார், மகன் ரிஸான் பின்லாந்தில் இருக்கிறான். அவள் குழாயில் வரும் உப்புத் தண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, லாரியில் வாங்கிய நல்ல தண்ணீரை மரத்துக்கு ஊற்றுவாள். ஆவணி வெயிலில் மஞ்சளாகத் தொங்கும் அந்தக் காய்களைத் தெருவுக்கே கொடுப்பாள். கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும், பின்னாலேயே தேன். அந்த மரத்தில் என்னைத் தவிர யாரையும் ஏறவிட மாட்டாள்.

"மத்தவனுங்க கால் எல்லாம் ஒட்டகக் கால்" என்பாள். "உன் கால் பட்டா மரத்துக்குக் கூசக்கூடச் செய்யாது, தம்பி."

அந்த மரத்திலும் இரும்போடுதான் ஏறினேன். இரண்டு குளிர்காலம் மட்டை கழிக்க, இரண்டு வசந்தம் பூவுக்கு மகரந்தம் வைக்க. விடிந்தும் விடியாமல் போவேன். மரத்தடியில் உட்கார்ந்து, "அக்கா, ஒரு தேநீர் போடேன். சர்க்கரை தாராளமா" என்பேன்.

"உனக்குத்தான் ஆகாதுன்னாங்களே?"

"ஆகாததுலதான் ருசி இருக்கு, போ."

அவள் உள்ளே போனதும் பையிலிருந்து இரும்பை எடுத்துக் கட்டிக்கொண்டு மேலே போய்விடுவேன். இறங்கும் நேரத்தில், "அக்கா, ஒரு பழைய துணி குடு" என்று மறுபடி அனுப்புவேன். அவள் வருவதற்குள் கைக்கு எட்டிய துளைகளில் ஈர மண்ணை அப்பிவிடுவேன். அந்த இனிப்புத் தேநீரை வாங்கிக் குடிக்கும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கும். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

போன ஆனியில் பர்ஹி தன் காய்களையெல்லாம் உதிர்த்தது. ஒரு குலைகூட மிஞ்சவில்லை. தண்ணீர் போதவில்லை என்று உம்மு ரிஸான் சொன்னாள், வெயில் என்று ஹாஜி ஜாஸிப் சொன்னார். ஆமாம், வெயில்தான் என்று நானும் சொன்னேன். மார்கழியில் குருத்துப் பக்கத்து மட்டைகள் இரண்டு சாய்ந்தன. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "வெள்ளிக்கிழமை கோடாலியோட வா. மரத்த மிரட்டணும்."

காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்களிடம் உண்டு. ஒருவன் கோடாலியோடு மரத்தைச் சுற்றி வந்து, இதை வெட்டப் போகிறேன் என்று கத்துவான். கோடாலியின் பின்புறத்தால் மூன்று தட்டு தட்டுவான். இன்னொருவர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து, விட்டுவிடு, இந்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்து காய்க்கும் என்று நம்பிக்கை. ஜாமீன் நிற்பவர் சும்மா சொல்லக் கூடாது, மரத்துக்காக மனதாரச் சொல்ல வேண்டும்.

"வேற யாரையாவது கூப்பிடு அக்கா. எனக்கு முதுகு சரியில்ல."

"மரத்துக்கு உன்னைத்தான் தெரியும். உனக்குத்தான் பயப்படும்" என்றாள்.

போனேன். அவள் புது முக்காடு போட்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி மேல் ஏறி நின்று ஹாஜி ஜாஸிப் எட்டிப் பார்த்தார். "நல்லா மிரட்டுடா. போன வருஷம் இவ குடுக்காத காய்க்கு எனக்கும் சேர்த்து ரெண்டு தட்டு தட்டு!"

நான் சுற்றி வந்தேன். "இது காய்க்காத மரம்! இடத்த அடைச்சிட்டு நிக்குது! இன்னிக்கு வெட்டி எரிக்கப் போறேன்!" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கோடாலியைத் திருப்பிப் பிடித்து மெல்லத் தட்டினேன். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். இது நனைந்த மூட்டையைத் தட்டியதுபோல் பொதுக்கென்றது. ஹாஜி சிரிப்பதை நிறுத்தினார்.

இரண்டாவது தட்டில் கோடாலியின் முதுகு உள்ளே போய்விட்டது.

இழுத்தேன். பெரிய பத்தை ஒன்று பெயர்ந்து விழுந்தது. பழுப்பு நீர் வழிந்தது, புளித்த நாற்றம் மூக்கைப் பிடித்தது. உள்ளே நார் எல்லாம் மாவாகியிருந்தது. அதில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. பெயர்ந்த பத்தையில் வரிசையாக நான்கு துளைகள், வாயில் காய்ந்த மண்ணோடு இருந்தன.

உம்மு ரிஸான் ஓடிவந்தாள். வந்து, வழக்கப்படியே என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "விட்டுடு. இந்த ஒரு வருஷம் விட்டுடு. காய்க்கும். நான் ஜாமீன், நான் இருக்கேன்ல, விட்டுடு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண் அந்தப் பொந்தை விட்டு நகரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, நான்தான். இரும்பு கட்டி ஏறினேன். கால்ல உணர்ச்சியே இல்ல. நான்தான் கொன்னேன்."

அவள் கையை எடுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மொத வருஷமே தண்ணி ஊத்தறப்போ பார்த்தேன். மண்ணு அப்பினா எனக்குத் தெரியாதா? நான் முந்நூறு மரத்துல வளந்தவ." அவள் முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வெளிய சொன்னா ஒருத்தரும் உன்னக் கூப்பிட மாட்டாங்க. மானம் போயிடும் உனக்கு. நாலு ஓட்டைதானே, தாங்கிக்கும்னு விட்டேன். தேநீர் கேட்டப்பல்லாம் எந்திரிச்சு உள்ள போனேன், நீ பாட்டுக்குக் கட்டிக்கன்னு."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பியா?"

நிறுத்தியிருக்க மாட்டேன். பொய் சொல்லியிருப்பேன், அதையும் நன்றாகவே சொல்லியிருப்பேன்.

"உன்னப் பாத்து இரக்கப்பட்டேன்" என்றாள். "இதப் பாத்து இரக்கப்படல. தப்பு பண்ணிட்டேன், மிஸ்பான்." தம்பி என்று அவள் சொல்லவில்லை. மூன்று புழுக்கள் அவள் செருப்பருகே விழுந்து கிடந்தன. அவற்றை மிதிக்கக்கூட இல்லை. "இன்னிக்கே வெட்டி எரிச்சிடு. மத்த வீட்டுக்குப் பரவப் போகுது."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேற எந்த மரத்துலல்லாம் இதே காலோட ஏறினே?"

எந்த மரத்தில் ஏறவில்லை என்று கேட்டிருந்தால் சொல்ல எளிது. ஆற்றங்கரையிலிருந்து மசூதிவரை இரண்டு வருஷமாக இந்த இரும்போடுதானே ஏறுகிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் சுவரின் அந்தப் பக்கம் பெட்டி சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஹாஜி ஜாஸிப் இறங்கிவிட்டார்.

அவர் முற்றத்தில் ஒன்பது மரம். பிறகு அவர் குரல் வந்தது, கேலி இல்லாத குரல்.

"மிஸ்பான், இங்க வா. புழு தின்னா உள்ள சத்தம் கேக்கும்பாங்க. எனக்குக் காது மந்தம். நீ வந்து கேட்டுச் சொல்லு."

போனேன். முதல் மரத்தில் காதை வைத்தேன். மென்று தின்னும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஹாஜி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த மரத்துக்குப் போனேன்.