நாலு கிலோவுக்குக் கொஞ்சம் இப்பால்

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு குண்டுப் பிள்ளையின் கதை சொல்கிறேன். பிள்ளை நிஜமாகவே குண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், கதையே அதுதான். என் கல்லடைப்புக்கு ஸ்கேன் எடுக்க, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, கதவிடுக்கு வழியாகப் பாதி காதில் விழுந்தது. மீதி என் கைச்சரக்கு.

2

'இருட்டறையில் திரை மட்டும் மினுங்கிக்கொண்டு...'

(வேண்டாம். பேய் வந்துவிடும்.)

ஸ்கேன் எடுப்பவளுக்கு அன்று கை ஓடவில்லை. படுத்திருந்தவள் சொந்தத் தங்கை. உறவுக்காரர்களுக்கு எடுப்பதில்லை என்றுதான் வைத்திருந்தாள்; தங்கை மூக்கை உறிஞ்சியதும் இளகிவிட்டாள். முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். இதையாவது தானே பெற வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. நாலு கிலோவைத் தாண்டினால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

3

தலை, வயிறு, தொடையெலும்பு. மூன்றையும் அளந்தால் மெஷின் குத்துமதிப்பாக ஓர் எடை சொல்லும். நாலு என்றால் மூன்றரையாகவும் இருக்கலாம், நாலரையாகவும் இருக்கலாம். (அதுவும் என்னைப் போலக் கதைசொல்லிதான்.)

திரையில் பிள்ளையின் வயிற்றோரத்தில் அளவுப் புள்ளி வைத்தாள். நாலு கிலோ நூறு. ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்தாள். மூன்று தொள்ளாயிரம். மற்றவர்களுக்கு எடுக்கும்போது கை தானாகப் போய் நிற்கும். இன்று கை யோசித்தது.

"என்னக்கா முழிக்கிற? உள்ள பூசணிக்காயா?"

"ஆடாமப் படுடி."

"கொறச்சுப் போட்டுடுக்கா. நம்ம பிள்ளதானே."

"வெளிய வர்றப்போ தோள் மாட்டிக்கிட்டா? அப்பவும் நம்ம பிள்ளதான்டி."

தங்கை ஆடாமல் படுத்தாள்.

4

ஒரு முடிவு: குறைத்துப் போட்டாள்; பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. (எழுதி அடித்துவிட்டேன். சர்க்கரை தூக்கல்.)

இன்னொன்று: கூட்டிப் போட்டாள், கிழித்து எடுத்தால் மூன்றரைக் கிலோச் சுண்டெலி. தங்கை இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவ...

மூன்றாவது முடிவு, மாட்டிக்கொண்ட தோளில் தொடங்கியது. பேனாவை மூடிவிட்டேன்.

5

அக்கா இரண்டு எண்களையும் அழித்தாள். தன் கையைத் தானே நம்பாமல், முக்காலியை விட்டு எழுந்து, அடுத்த அறையில் ஸ்கேன் எடுப்பவரைக் கூப்பிட்டாள். அது நீங்கள்தான்.

"நீங்க அளந்துடுங்க. நீங்க எங்களுக்கு உறவில்லையே?"

இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். பொய். இவ்வளவு நேரம் கேட்டதில் நீங்களும் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ ஆகிவிட்டீர்கள். போகட்டும், உட்காருங்கள். புள்ளியை வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எந்த எடையில் வந்தாலும், பெற்றவளும் பிள்ளையும் முழுசாக வீடு வந்து சேரட்டும். தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் கை மட்டும் வலிக்கட்டும்.