மடத்துக் கோப்பை

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குச் சத்தியநேசன் சாரை விட்டால் குழித்துறைப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. சபைக் காரியதரிசி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், கணீரென்ற குரல். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த சாமான்களை ஆலய முற்றத்தில் பரப்பி, மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். அவர் வருணிக்கிற வருணிப்பில் சாதாரண வாழைக்குலைக்குக்கூட நாலு பேர் போட்டி போடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே, பட்டுத்துணி விரித்து ஒரு கண்ணாடிக் கோப்பை வைக்கப்பட்டிருந்தது. அது அவருடைய கோப்பை.

மூன்று மாதத்துக்கு முன் அவர் பெல்ஜியம் போயிருந்தார். மகள் ஜாஸ்மிக்கு லூவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. மனைவி நேசபாய்க்கு முட்டுவலி, அதனால் தனியாகப் போனார். பகலில் மகள் வேலைக்குப் போய்விட, இவர் ஊர் சுற்றினார். ஒருநாள் பஸ் ஏறிப் போன இடத்தில் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது, அதற்கு எதிரே ஒரு சாப்பாட்டுக்கடை. மடத்துச் சாமியார்களே காய்ச்சியது என்று சொல்லி, கரும்பழுப்பாக ஒன்றைத் தண்டு வைத்த கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். மடத்துச் சரக்கென்றால் கஷாயம் மாதிரி ஏதாவது இருக்கும் என்று அவர் நினைத்ததாகவே வைத்துக்கொள்வோம். நுரையைப் பார்த்த பிறகுமா தெரியாது? பியர் என்று தெரிந்துதான் குடித்தார்.

கருப்பட்டி தீய்ந்த மணம், பின்னாலேயே உலர்ந்த திராட்சை, தொண்டையில் இறங்கும்போது கிராம்பைக் கடித்த மாதிரி ஒரு காரம். அறுபத்துமூன்று வயதுவரை அதைப் பாவம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். இத்தனை ருசி என்று யாரும் சொல்லவில்லை. மிச்சமிருந்த மூன்று வாரமும் அவருக்கு அதே படிப்புதான். செர்ரிப்பழம் ஊறிய புளிப்பு பியர், கொத்தமல்லி விதை போட்ட கோதுமை பியர், ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே ஒரு கோப்பை. பாட்டில் அடியில் தங்கும் மண்டி கலங்காமல் ஊற்ற வேண்டும், கருப்பு பியரை ரொம்பக் குளிரவைக்கக் கூடாது என்றெல்லாம் பிரசங்கக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அந்த முதல் கோப்பையில் ஒன்றை வாங்கிச் சட்டைக்குள் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். "மடத்தில கிடைச்சது" என்று நேசபாயிடம் சொன்னார். பொய் சொல்லவில்லையே என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

பொன் விளிம்பும் தண்டும் ஒரு சின்னச் சிலுவையும் இருந்தால் நேசபாய் வேறென்ன நினைப்பாள்? திருவிருந்தில் திராட்சரசம் ஊற்றும் பாத்திரம் என்று நினைத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

போதகர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "இத ஏலம் விடாண்டாம் சாரே. அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு இதில ரசம் ஊத்துவோம்."

சபை தலையாட்டியது. மைக்கைப் பிடித்திருந்த சத்தியநேசனுக்கு வியர்த்து வழிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார், மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார்.

"காணிக்கையா வந்தது ஏலத்துக்குத்தானே பாஸ்டர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயாயிரம்."

எபிசன். கப்பல் பாரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், போன வருஷம்வரை பாடகர் குழுவில் பாடியவன். கல்யாண வீட்டில் ஒரு பியர் குடித்தான் என்று அவனை நீக்கிக் கடிதம் எழுதியது சத்தியநேசன்தான். பியரும் சாராயந்தான், அதில் சின்னது பெரியது கிடையாது என்று கமிட்டியில் அடித்துப் பேசியதும் அவர்தான்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று மூச்சு விடாமல் முடித்தார்.

"குடிக்கதுக்கு நல்ல பாத்திரம் கிட்டிச்சு அவனுக்கு," என்றாள் பெண்கள் பக்கமிருந்த தேவகனி. முற்றமே சிரித்தது. எபிசன் தலை குனிந்து வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனான். மைக் அப்போதும் சத்தியநேசன் கையில்தான் இருந்தது. அவர் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினார்.

சேவலும் போன பிறகு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வாசல் பக்கம் ஒதுங்கினார். எபிசன் அங்கே நின்றிருந்தான். செய்தித்தாளில் சுற்றிய கோப்பையை நீட்டினான்.

"கொண்டு போங்க சாரே. ஆறு வருஷம் கப்பல்ல இந்தக் கிளாஸில ஊத்திக் குடுத்தவன் நான். கண்டதுமே தெரிஞ்சு."

"பின்னே நீ ஏன் மக்கா எல்லாருக்க முன்னயும் சொல்லேல?"

"நீங்க சொல்லுவியண்ணு பாத்தேன்."

அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தியநேசனுக்குக் காது மடல்வரை சுட்டது. அந்த பியரை இப்போது நினைத்தாலும் நாக்கில் ருசி ஊறியது, அதற்கு அவர் வெட்கப்படவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றாரே, அதற்குத்தான் வெட்கப்பட்டார். ஒரு கிழவன் இவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள முடியுமா என்று இருந்தது.

தாளைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோப்பையோடு முற்றத்துக்குத் திரும்பி மைக்கை எடுத்தார்.

"இது பியர் கிளாஸ். எனக்க கிளாஸ். பெல்ஜியத்தில மூணு வாரம் நான் பியர் குடிச்சேன்." கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "எபிசன நீக்கி எழுதினதும் நான்தான். கொஞ்சம் முன்ன அவனப் பாத்துச் சிரிச்சிய. இப்ப என்னப் பாத்துச் சிரியுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து எழுந்துவந்த நேசபாய், காலியாகக் கிடந்த பட்டுத்துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.