பத்தாம் நம்பர் ஸ்பேனர்

நட்டை முதல் தடவை திருப்பிய அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: என் தம்பி மகள் லூர்துசெல்வி, அவளுடைய தாய் இன்பமேரி, மஞ்சக்குட்டை பஸ் நிற்கும் இடத்தில் ஜீப் பட்டறை வைத்திருந்த பக்கீர் முகமது, அவர் மனைவி ஜமீலா, நாகலூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற மனுவேலாகிய நான். அன்று தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஊரில் பத்துப் பேராவது உண்டு. அவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள்.

அது 1993ஆம் வருடம், ஜூலை மாதம். செல்வி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே நான்கு இரும்பு வளையங்கள் இருந்தன. சைக்கிள் சக்கரத்துக் கம்பியைவிட மெல்லிய கம்பிகள் சதையில் ஒரு பக்கம் நுழைந்து, எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வெளிவந்து வளையத்தில் முறுக்கப்பட்டிருந்தன. பதினோரு வயதில் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்தாள். கோணலாகச் சேர்ந்த எலும்பு அதன்பின் சரியாக வளரவில்லை. இரண்டு அங்குலம் குறைந்த அந்தக் காலில் கட்டை வைத்த செருப்பு மாட்டிக்கொண்டு, ஆறு வருடமாக எங்கள் மலைப் பக்கத்து மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கித் தபால் கொடுத்துவந்தாள். இப்படியே நடந்தால் நாற்பது வயதுக்குள் இடுப்பு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோயம்புத்தூரில் காலை நீட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்து, அவளே கடிதம் எழுதி, அவளே தேதி வாங்கினாள்.

"கல்யாணத்துக்காகவா கண்ணு இத்தனை பாடு?" என்று கேட்டேன்.

"நடக்கறதுக்குங்க பெரீப்பா" என்றாள்.

எலும்பை அறுத்து வளையம் பூட்டி அனுப்பியிருந்தார்கள். வளையங்களை இணைக்கும் தண்டுகளில் இருந்த நான்கு நட்டுகளை, ஒரு சுற்றில் நாலில் ஒரு பங்கு, தினமும் நாலு வேளை திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் எலும்பு விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு ஊறும். இரண்டு அங்குலத்துக்கு ஐம்பது நாள். பின்பக்க நட்டுகள் அவளுக்கு எட்டவில்லை. இன்பமேரி ஸ்பேனரை எடுத்ததுமே கீழே வைத்துவிட்டாள். அதனால்தான் பக்கீரை அழைத்தோம். அவர் மனைவியை விட்டு ஒரு நாளும் தனியாக வந்ததில்லை.

"பத்தாம் நம்பருங்க. ஜீப்புல பாதி நட்டு இதேதான்" என்று சொல்லி, அவள் முழங்கால் பக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "பயப்படாத கண்ணு. உனக்கு ஆர்.சி. புக்கெல்லாம் கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் உங்க ஜீப்புக்கே இல்லீங்களேண்ணா" என்றாள் அவள். ஜமீலா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

நட்டு திரும்பியதும் அவள் முகம் வெளுத்தது. அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தபால் கொடுக்கும் வீடுகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். "சின்னையன் ஊடு. ராசம்மா ஊடு. ரேசன் கடை. அம்மாசி ஊடு..." வலி அடங்கும் இடத்தில் வரிசை நிற்கும். முதல் நாள் அம்மாசி வீட்டோடு நின்றது. இருபதாவது நாளில் ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கடைசி வீடான சித்தன் வீடுவரை வாயாலேயே போய்வந்தாள். எஸ்டேட்டில் எத்தனையோ பேருடைய தைரியத்தைப் பார்த்திருக்கிறேன். தினமும் நாலு வேளை, நேரம் தவறாமல், தன் காலைத் தானே நீட்டிக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

முப்பத்திரண்டாம் நாள் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒருவர் என் காதுபடச் சொன்னார்: "ரைட்டர் ஊட்டுப் புள்ள காலைத் தொடறதுக்குப் பட்டறைக்காரர்தான் கெடச்சாருங்களா?" தம்பி இறந்தபின் அந்த வீட்டின் கௌரவம் என் பொறுப்பு. அன்று மதியம் பக்கீரிடம் இனி வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துண்டில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, நான் உக்கார்ற பக்கத்தை மட்டும்..."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

வயதுவந்த பெண்ணின் முழங்காலருகே உட்காருவது முறையில்லை என்று, நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டேன். அங்கிருந்து பார்த்து, பக்கீர் திருப்பியது போலவே வலப்பக்கமாகத் திருப்பினேன். திருப்பும் திசைக்கு நர்ஸ் நகப்பூச்சில் போட்டிருந்த அம்புக்குறி, தினமும் மருந்து வைத்துத் துடைத்ததில் எப்போதோ அழிந்துபோயிருந்தது.

"சின்னையன் ஊடு" என்றாள் செல்வி. அதோடு நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தாள். "வலிக்கவே இல்லீங்களே பெரீப்பா."

"கை வாகு" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் மறுபடி கேட்டாள். "நொம்ப லேசா இருக்குதுங்க. பக்கீரண்ணன ஒருக்கா பாக்கச் சொல்லலாமுங்களா?"

"ஒரு நட்டைத் திருப்ப எனக்கு இன்னொருத்தர் சொல்லித் தரணுமா?"

அதன்பின் அவள் கேட்கவில்லை. இப்படி ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் கோயம்புத்தூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, அளந்து, மறுபடி அளந்தார். இடைவெளி ஒன்பது மில்லிமீட்டர் குறைந்திருந்தது. முழங்கால் பக்கமிருந்து பார்த்தால் வலமாகத் தெரிவது கால்மாட்டிலிருந்து பார்த்தால் இடம். பக்கீர் சொல்ல வந்தது அதுதான்.

"யார் திருப்பினது?" என்று கேட்டார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நானேதானுங்க. எட்டிப் புடிச்சுத் திருப்புனேன். தெசை மாறிப்போச்சு" என்றாள்.

"வலிக்குப் பயந்துட்டு வேணும்னே செஞ்சியாம்மா?" சுற்றி நர்ஸுகள் நின்றிருந்தார்கள். போதாததற்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பேச்சு கேட்கும் தூரத்தில், அறை வாசலில் மாத்திரைச் சீட்டோடு நின்றிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குடையை ஊன்றி நேராக நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

வாடகை ஜீப்பில் மலை ஏறினோம். கடைசி வளைவில் அவள் சொன்னாள்: "பக்கீரண்ணனக் கூப்புட்டுருங்க பெரீப்பா."

பட்டறைக்கு நானே நடந்து போனேன். அவர் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் நடந்ததைச் சொன்னேன். அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மாலை ஜமீலாவோடு வந்து, முக்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

பாதி இறுகிவிட்ட எலும்பை மறுபடி பிரிக்கும் வலியை எழுத எனக்குத் தெரியாது. சித்தன் வீடு வந்தும் அடங்காமல், அவள் திரும்பி முதலிலிருந்து சின்னையன் வீடு என்று தொடங்கினாள். இன்பமேரி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போகவில்லை. ஒவ்வொரு வேளையும் சுவரோரம் நின்று கடைசி வீடுவரை கேட்டேன். அரை அங்குலம் பாக்கி இருக்கும்போது, இனி நரம்பு தாங்காது என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

அடுத்த மே மாதம் வளையங்களைக் கழற்றினார்கள். ஜூனில் தபால் பையைத் தோளில் மாட்டினாள். கட்டைச் செருப்பு போய், குதிகாலுக்கடியில் அரை அங்குலத் தோல் மட்டும் வந்தது. பனிமூட்டத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே அவள் இறங்கிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். உருவம் மறைந்த பிறகும், நெடுநேரம் அந்தச் சீரான காலடிச் சத்தம் கேட்டது.

வலி தாங்காமல் செல்வியே நட்டைப் பின்னால் திருப்பிவிட்டாள், அதனால்தான் அரை அங்குலம் நின்றுபோயிற்று என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். அந்த ஒன்பது நாளும் திருப்பியவன் நான். அவள் ஸ்பேனரைத் தொடவே இல்லை.